வியன்னாவில் ஒரு பலே

நியூஜெர்சியில் இருந்த நாட்களில் என் பாட்டுக்கு ஒரு நிரந்தரமான இடம் இருந்தது. தயிர்வடைக்கும் ஃப்ரூட் சாலடுக்கும் நடுவில்.

மான்மவுத் ஜங்ஷனில் எங்கள் டவுன்ஹவுஸ் வரிசையைச் சுற்றியிருந்த தமிழ்க் குடும்பங்கள் மாதம் ஒரு சனிக்கிழமை யாராவது ஒருவர் வீட்டில் கூடுவோம். பாட்லக் என்று பெயர். ஆளுக்கு ஒரு பதார்த்தம் செய்து எடுத்துப் போக வேண்டும். யார் எதைச் செய்வது என்பதை முடிவு செய்ய ஓர் ஆன்ட்டி இருந்தார். எங்கள் எல்லோருக்கும் முன்னால் அமெரிக்கா வந்தவர், எங்கள் எல்லோருக்கும் முன்னால் கிரீன் கார்டு வாங்கியவர். அவர் காதில் விழாத தூரத்தில் நாங்கள் அவரை மேலிடம் என்று சொல்வோம். மேலிடம் வியாழக்கிழமை சாயங்காலம் ஒவ்வொரு வீட்டுக்கும் போன் செய்து உத்தரவு போடும். என் முறை வரும்போது, "உனக்கு லெமன் ரைஸ், அப்புறம் ஒரு பாட்டு. ரெண்டுமே சின்னதா இருந்தாப் போதும், மீந்து போயிடும்," என்பார்.

நான் மாம்பலத்தில் பாவாடை கட்டிய வயதிலிருந்து பாட்டுக் கற்றுக்கொண்டவள். வானொலியில் பாடியிருக்கிறேன். கோயில் உற்சவங்களில் இரண்டரை மணி நேரக் கச்சேரி செய்திருக்கிறேன், அதில் பாதி நேரம் நாதஸ்வரக்காரர் பிராகாரத்தில் ஊதிக்கொண்டிருந்தபோதும் அசராமல். இதையெல்லாம் நான் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. சொன்னாலும், "அப்படியா, அப்ப ரெண்டு பாட்டாப் பாடேன்" என்று சலுகை காட்டுவார்கள், அவ்வளவுதான்.

பாட்லக்கில் பாடுவது ஒரு தனிக் கலை. சுருதிப்பெட்டியைச் சோபாவுக்குக் கீழே இருக்கும் பிளக்கில் சொருகிவிட்டு, கார்ப்பெட்டில் உட்கார்ந்து, நாம் ஆரம்பிப்பதை யாராவது கவனிக்கிறார்களா என்று பார்க்காமல் ஆரம்பிக்க வேண்டும். இடது பக்கம் ஹெச்-ஒன் விசா பேசுவார்கள், வலது பக்கம் புது மினிவேன் எத்தனை மைல் கொடுக்கிறது என்று பேசுவார்கள். நான் குரலை உயர்த்தினால் அவர்களும் உயர்த்துவார்கள். தாழ்த்தினால் மட்டும் தாழ்த்த மாட்டார்கள். பாட்டு முடிந்ததும் கைதட்டல் நிச்சயம் உண்டு. ஒரு கையில் பேப்பர் பிளேட் இருக்கும் என்பதால் இன்னொரு கையால் தொடையில் தட்டுவார்கள். யாராவது ஒருவர், "வாய்ஸ் அப்படியே இருக்கு," என்பார். ஊறுகாயைத் திறந்து பார்த்துச் சொல்வதைப் போலவே சொல்வார்.

இதில் என் கணவரின் பங்கு என்னவென்றால், அங்கே இல்லாமல் இருப்பது. அவர் ஒரு பழைய கம்ப்யூட்டர் மொழியில் புலி. இரண்டாயிரமாம் ஆண்டு பிறக்கும்போது உலகத்துக் கம்ப்யூட்டர்கள் எல்லாம் நின்றுபோய்விடும் என்று பயந்த கம்பெனிகள் அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடிய காலம் அது. ஆனால் பாட்லக்கில் அவருக்கு அந்த மரியாதை இல்லை. யார் வீட்டில் நடந்தாலும் வந்தவர்களின் கோட்டுகளை வாங்கி மாடியில் கட்டிலில் போடுவார். யாருடைய கார் யாருடைய காரை மறித்து நிற்கிறதோ அதை எடுத்து விடுவார். நான் பாட வாயைத் திறக்கும்போது அவர் கட்டாயம் மைக்ரோவேவ் முன்னால் சாம்பார் சூடாகும் வரை நின்றுகொண்டிருப்பார். கல்யாணமான நாள் முதல் என் பாட்டைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொன்னது கிடையாது. நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை.

நான் அதற்கு ஒரு சமாதானம் வைத்திருந்தேன். பாவம், மனுஷருக்குச் சங்கீத ஞானம் கிடையாது, காது கொடுத்த கடவுள் அதற்குள்ளே ஒன்றும் வைக்கவில்லை, இதற்குப் போய் அவரைக் கோபித்துக்கொண்டு என்ன பிரயோஜனம் என்று. நல்ல சௌகரியமான சமாதானம். அதை வைத்துக்கொண்டு வருஷக்கணக்காக நிம்மதியாக இருந்தேன்.

அந்த நிம்மதி வியன்னாவில் போயிற்று.

டிசம்பரில் சென்னைக்குப் போவதாக ஏற்பாடு. மார்கழிக் கச்சேரிகளை ஒரு தடவையாவது கேட்டுவிட்டு வர வேண்டும் என்று நான் பல வருஷமாகப் புலம்பியதற்குப் பலன். ஓக் ட்ரீ ரோட்டில் இருந்த டிராவல் ஏஜென்ட், வியன்னா வழியாகப் போனால் இரண்டு ராத்திரி ஹோட்டல் இலவசம் என்றார். என் கணவரிடம் இலவசம் என்று சொல்லிவிட்டால் வட துருவம் வழியாகக்கூடப் போகலாம். அடுத்த பாட்லக்கில் விஷயம் பரவியது. சங்கீதத்தின் தலைநகரம், அங்கே போய் ஒரு கச்சேரி கேட்காமல் வந்தால் பாவம் என்று எல்லோரும் சொன்னார்கள். பாடிக்கொண்டிருந்தவளை நிறுத்திவிட்டு இதைச் சொன்னார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். இந்த மாதிரி விஷயங்களில் கருத்து வைத்திருக்கும் ஓர் அங்கிள், "ஒண்ணும் பயப்படாதே, அவங்க எதை வாசிச்சாலும் அது சங்கராபரணம்தான்," என்று தைரியம் கொடுத்தார்.

வியன்னாவில் இறங்கியபோது குளிர் மூக்கைப் பிடுங்கியது. பெரிய சர்ச் ஒன்றின் வாசலில், வெள்ளை முடி டோப்பாவும் சரிகை வைத்த சிவப்புக் கோட்டுமாக நாலைந்து பேர் நின்று டிக்கெட் விற்றுக்கொண்டிருந்தார்கள். அந்தக் காலத்து மேதைகளின் வேஷமாம். பார்த்தால் எங்கள் பக்கத்துத் திருவிழா நாடகத்தில் மந்திரி வேஷம் கட்டியவர் பீடி பிடிக்க வெளியே வந்தது போல இருந்தது. என் கணவர் அவர்களில் ஒருவரிடம் பாண்டி பஜார் பாணியில் பேரத்தை ஆரம்பித்தார். பாதி விலை கேட்டார். கிடைக்காததால், நாலடி நடந்து போய், கூப்பிடுவார்களா என்று காத்திருந்தார். கூப்பிடவில்லை. ஐரோப்பாவில் அந்த உத்தி செல்லாது என்பது தெரிந்ததே அவருக்குப் பெரிய ஏமாற்றம்.

கடைசியில் ஹோட்டல் வரவேற்பில் இருந்த பெண்தான் வழி சொன்னாள். அடுத்த தெருவில் ஒரு சின்ன அரங்கம் இருக்கிறது, உள்ளூர்க்காரர்கள் போவது, இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ, வேஷம் எதுவும் இல்லை என்றாள். விலையும் குறைவு. என் கணவருக்குச் சங்கீதத்தின் மேல் இருந்த மதிப்பு திரும்பி வந்தது.

எங்களுடன் வந்த மூன்றாவது ஆள் எங்கள் மகள். ஒன்பது வயது. நாங்கள் தமிழில் பேசுவது முழுக்கப் புரியும், பதில் மட்டும் இங்கிலீஷில்தான் வரும். ஸ்கூல் பேண்டில் கிளாரினெட் வாசிப்பதால் மேலைநாட்டுச் சங்கீதம் சம்பந்தப்பட்ட எல்லாவற்றுக்கும் வீட்டில் அவள்தான் அதிகாரி. போகும் வழியிலேயே பாடம் நடத்தினாள். பேசக் கூடாது, எதையும் சாப்பிடக் கூடாது, ஒரு பகுதி முடிந்து நிறுத்தினால் அது முடிவு இல்லை, அப்போது கைதட்டக் கூடாது. வாசிப்பவர்கள் எழுந்து நின்றால்தான் தட்டலாம். அவளுடைய அப்பா தலையை ஆட்டிக்கொண்டே வந்தார். அந்தத் தலையாட்டலை நான் நன்றாக அறிவேன். பால் வாங்கி வரச் சொன்னாலும் அப்படித்தான் ஆட்டுவார், அப்புறம் பிரெட் வாங்கிக்கொண்டு வருவார்.

கச்சேரி என்று சொல்லிவிட்டதால் நான் அரக்கு நிறப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டிருந்தேன். அதன் கீழே பனிக்குப் போடும் பூட்ஸ், மேலே முழங்கால் வரை தொங்கும் கோட்டு. வாசலில் கோட்டையும் பையையும் ஒப்படைக்க வேண்டும் என்று ஒரு வயதான அம்மாள் கையை நீட்டினாள். பையில் மார்ஜரின் டப்பா நிறையத் தயிர்சாதம் இருந்தது. அவள் பையை வாங்கும்போது டப்பா லேசாகச் சாய்ந்தது. அவள் அதை நிமிர்த்தி வைத்து, எனக்கு ஒரு பித்தளை வில்லையைக் கொடுத்தாள். என் தயிர்சாதத்துக்கு இவ்வளவு மரியாதை எங்கள் ஊரில் கிடைத்ததில்லை.

உள்ளே நூறு பேர் இருப்பார்கள். பெரும்பாலும் வயதானவர்கள், கருப்பு உடை, முத்து மாலை. நாங்கள் நடு வரிசையில் போய் உட்கார்ந்தோம். சரியான நேரத்துக்கு ஒருவர் கதவை மூடினார். மூடிய மறுநிமிஷம் கண்ணாடிக்கு வெளியே ஒரு தம்பதி ஓடி வந்து நின்றார்கள். ஃபர் கோட்டு, வைரத்தோடு, பெரிய இடத்து மனுஷர்கள் என்று பார்த்தாலே தெரிந்தது. கதவுக்காரர் அவர்களைப் பார்த்து, முடியாது என்று தலையை மட்டும் அசைத்தார். அவர்கள் முணுமுணுக்காமல் அப்படியே நின்றார்கள். சொன்னால் நம்ப மாட்டீர்கள், அந்தக் காட்சியில்தான் எனக்குக் கண் கலங்கியது. இன்னும் யாரும் ஒரு சுரம்கூட வாசிக்கவில்லை.

பிறகு வாசித்தார்கள். அத்தனை பேரும் மூச்சைக்கூட அளந்து விட்டார்கள். யாருக்காவது இருமல் வந்தால், இரண்டு பகுதிக்கு நடுவில் இருக்கும் சின்ன இடைவெளி வரை அதை அடக்கி வைத்து, அங்கே மொத்தமாக எல்லோரும் சேர்ந்து இருமித் தீர்த்துவிட்டு மறுபடி அமைதியானார்கள். நான் பொறாமையில் வெந்தேன். ஓர் இருமலுக்குக்கூட இடம் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள், எனக்குக் கிடைத்ததோ தயிர்வடைக்குப் பக்கத்து இடம்.

என் கணவர் வேலையை ஆரம்பித்தது முதல் பகுதியின் நடுவில். வலது கை தொடையில் விழ ஆரம்பித்தது. ஆதி தாளம். தட்டு, விரல் எண்ணிக்கை, தட்டு, வீச்சு, எல்லாம் முறைப்படி. ஜீன்ஸ் துணியில் உள்ளங்கை விழும் சத்தம் அந்த அமைதியில் யாரோ கதவைத் தட்டுவது போலக் கேட்டது. முன்வரிசைப் பெரியவர் ஒருவர் பாதி திரும்பினார். என் மகள் அப்பாவின் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அவர் இடது கையால் தொடர்ந்தார். அதை நான் பிடித்துக்கொண்டேன். இரண்டு கையும் போனதும் காலால் போட்டார். பகுதி முடிந்ததும் கைதட்ட எழும்பினார், நாங்கள் இரண்டு பேரும் கையை விடவில்லை. வாயைக் காது பக்கம் கொண்டுவந்து, "சங்கராபரணம்தானே?" என்று மட்டும் கேட்டார்.

இரண்டாவது பகுதி விளம்ப காலம். செல்லோ வாசித்த பெண்ணுக்கு நாற்பது வயது இருக்கலாம். ஒல்லி, கருப்புச் சட்டை, தலையை இறுக்கிக் கட்டியிருந்தாள். மற்ற மூவரும் கீழே மெதுவாகப் பிடித்துக்கொண்டிருக்க, அவள் மட்டும் ஒரு வரியை மேலே எடுத்துக்கொண்டு போனாள். அவசரமே இல்லாமல் போனாள். உச்சியில் கொஞ்சம் தயங்கிவிட்டு, அங்கிருந்து ஒவ்வொரு படியாக இறங்கி, கடைசிச் சுரத்தில் வந்து உட்கார்ந்து, வில்லைத் தூக்கினாள். நாலு பேரும் ஒரு கணம் நிறுத்தினார்கள். எனக்கு அந்தச் சங்கீதத்தின் இலக்கணம் எதுவும் தெரியாது, ஆனால் அந்த இடம் தெரியும். பாடுகிற எவளுக்கும் தெரியும்.

அந்த நிசப்தத்தில், நூறு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த அந்த ஒரு கணத்தில், என் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"ச்சு ச்சு. பலே."

மெதுவாகச் சொன்னார் என்று நினைத்துவிடாதீர்கள். சென்னையில் ஒரு சபாவில் மேடைவரை கேட்க வேண்டும் என்று சொல்வது போல, நிதானமாக, நல்ல கனத்துடன் சொன்னார். முத்து மாலைகள் எல்லாம் ஒரே சமயத்தில் திரும்பின. என் மகள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். நான் அவர் தொடையில் கிள்ளினேன். சும்மா ஒப்புக்குக் கிள்ளவில்லை, ஜீன்ஸையும் தாண்டிப் போகிற மாதிரி திருகிக் கிள்ளினேன். செல்லோக்காரி நிமிர்ந்து எங்கள் பக்கம் பார்த்தாள். அவள் சிரித்தாள் என்று அவர் இன்றைக்கும் சத்தியம் செய்கிறார். முறைத்தாள் என்கிறாள் என் மகள், முகத்தை மூடிக்கொண்டிருந்தவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால் பதில் வராது. நான் என் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மிச்சக் கச்சேரிக்கு அவர் வாயைத் திறக்கவில்லை. கையை முழங்கால்களுக்கு நடுவில் பூட்டிக்கொண்டு, ஸ்கூலில் தலைமையாசிரியர் அறையில் உட்கார வைக்கப்பட்ட பையனைப் போல உட்கார்ந்திருந்தார்.

வெளியே வந்ததும் எதிரே ஒரு காபிக் கடையில் நுழைந்தோம். நான் நல்ல ஆவேசத்தில் இருந்தேன். என் மகளும்தான். "ஐ வாஸ் ஸோ எம்பாரஸ்ட்," என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு, கேக் வந்ததும் அதில் இறங்கிவிட்டாள். நான் என் பங்குக்கு, நாகரிகம், இடம் பொருள் ஏவல், கோட்டு வாங்கி வைத்த அம்மாள் என்ன நினைப்பாள் என்று ஒரு பாட்டம் பாடினேன். அவர் காபியை ஆற்றிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார். அப்புறம் சாதாரணமாகச் சொன்னார்.

"தப்புதான். ஆனா அந்த இடத்துல சொல்லாம எப்படி இருக்கறது?"

எனக்குக் கோபம் போய்விட்டது. அதற்குப் பதிலாக வந்தது அதைவிட மோசமானது. ஏனென்றால் அவர் சொன்னது சரியான இடம். ஒரு கணம் முன்னால் சொல்லியிருந்தால் அவசரம், ஒரு கணம் பின்னால் சொல்லியிருந்தால் அசடு. அவள் வில்லைத் தூக்கி, அடுத்ததைத் தொடுவதற்குள், அந்த ஒரு இழை நேரத்தில் விழுந்தது. நாற்பது வருஷம் முதல் வரிசையில் உட்கார்ந்த ரசிகருக்குத்தான் அது வரும். ஞானம் இல்லாத காது என்று நான் இத்தனை வருஷம் பரிதாபப்பட்ட காது அது. அந்தக் காதுக்கு எல்லாம் கேட்கிறது என்றால், என் பாட்டு மட்டும் ஏன் கேட்கவில்லை? என் சௌகரியமான சமாதானம் அந்தக் காபிக் கடையிலேயே செத்து விழுந்தது.

கேட்காமல் இருந்திருக்கலாம். கேட்டுவிட்டேன்.

"என் பாட்டுக்கு ஒரு தடவையாவது அப்படிச் சொல்லியிருக்கீங்களா?"

அவர் யோசித்தார். என் பக்கம் பார்க்காமல், கப்பைப் பார்த்தபடி யோசித்தார். "நீ பாடும்போது நான் எங்க உட்கார்ந்தேன்? கார் எடுத்து விடணும், சாம்பார் வார்ம் பண்ணணும்," என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். உண்மை பேசுகிறவர்களுக்கு எங்கே நிறுத்துவது என்று தெரிவதில்லை. "அதுவும் இல்லாம, நீ அந்த மாதிரி நிறுத்தறதே இல்லையே. கிச்சன்ல நின்னு கேட்டிருக்கேன். எப்ப முடிப்போம்னு ஓடற. சொல்றதுக்கு நீ எடம் குடுத்தாத்தானே."

நான் மகளின் கேக்கில் பாதியை எடுத்துச் சாப்பிட்டேன். அவள் தடுக்கவில்லை. என் முகத்தில் என்ன தெரிந்ததோ.

அவர் சொன்னது பொய் என்றால் இரண்டு நாளில் மறந்திருப்பேன். பேப்பர் பிளேட்டுகளுக்குப் பாடிப் பாடி, எங்கெல்லாம் நிற்க வேண்டுமோ அங்கெல்லாம் ஓடக் கற்றுக்கொண்டிருந்தேன். நின்றால் அந்த இடைவெளியில் மினிவேன் புகுந்துவிடும் என்ற பயம். நான் பாடுவதாக நினைத்துக்கொண்டிருந்தது, உண்மையில் பாட்டைப் பார்சல் கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தது. எனக்கு அழுகை வந்தது. ஆஸ்திரியாக் காபியில் சிக்கரி இல்லை என்று ஏதோ குறை சொல்லிச் சமாளித்தேன்.

சென்னையில் நாலைந்து கச்சேரி கேட்டோம். பக்கத்து இருக்கை அம்மாள் தன் நாட்டுப்பெண்ணைப் பற்றிப் பேசி முடிக்க ஒரு முழு ராகம் எடுத்துக்கொண்டார். மிருதங்கத் தனி ஆரம்பித்ததும் பாதி அரங்கு கேன்டீனுக்கு எழுந்து போயிற்று. சுற்றி எல்லாரும் பலே, பேஷ் என்று வாரி இறைத்துக்கொண்டிருந்தார்கள், சரியான இடத்தில் ஒருத்தரும் இல்லை. என் கணவர் மட்டும் கையை முழங்காலுக்கு நடுவில் பூட்டிக்கொண்டு ஊமையாக உட்கார்ந்திருந்தார். ஜெட்லாக் என்று நினைத்தேன்.

திரும்பி வந்தபோது பொங்கல் பாட்லக் எங்கள் முறை. பொங்கல் வேலை நாளில் வந்துவிட்டதால் வழக்கம்போல ஒரு சனிக்கிழமைக்குத் தள்ளிவைத்திருந்தோம், சூரிய பகவான் இதற்கெல்லாம் பழகிவிட்டார். மேலிடம் போன் செய்து, எனக்குச் சர்க்கரைப் பொங்கல், அப்புறம் ஒரு சின்னப் பாட்டு என்றது. நான் சொன்னேன், இந்தத் தடவை பாட்டு முதலில், சாப்பாடு அப்புறம். பாட்டு பேஸ்மென்டில். நாலு மணிக்குக் கதவை மூடிவிடுவேன், மூடியபிறகு யாரும் உள்ளே வர முடியாது. தட்டு, டம்ளர், பேச்சு எதுவும் கிடையாது. எங்கள் நாற்பது பேரையும் அடக்கி ஆண்ட ஆன்ட்டி முதல்முறையாக வார்த்தை கிடைக்காமல் தவித்தார்.

"குழந்தைங்க பசியோட இருப்பாங்களே," என்றார் கடைசியில்.

"குழந்தைங்களுக்குப் பீட்ஸா முன்னாடியே குடுத்துடறேன் ஆன்ட்டி. பெரியவங்கதான் பசியோட இருக்கணும்," என்றேன்.

வந்தார்கள். எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பார்க்கவே பாதிப்பேர் வந்திருப்பார்கள். சங்கராபரண அங்கிள் முதல் ஆளாக வந்து உட்கார்ந்தார். கோட்டுகளை அவரவரே மாடிக்குக் கொண்டுபோய்ப் போட்டார்கள். கார்கள் ஒன்றை ஒன்று மறித்துக்கொண்டு பனியில் நின்றன, யாரும் எடுத்து விடவில்லை. என் கணவரை நான் எதிரில், முதல் வரிசையில், தரையில் உட்காரச் சொல்லியிருந்தேன். மைக்ரோவேவ் பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டுத்தான் கீழே இறங்கினேன். கதவை என் மகள் மூடினாள். மூடியபிறகு ஒரு குடும்பம் வந்து மணி அடித்தது. வியன்னாவில் பார்த்ததை மறக்காத அவள், ஹால் ஜன்னல் வழியாகத் தலையை மட்டும் அசைத்துவிட்டு வந்தாள் என்று அப்புறம் கேள்விப்பட்டேன்.

சஹானா ராகத்தை எடுத்துக்கொண்டேன். ஓடக் கூடாது என்ற முடிவோடு எடுத்துக்கொண்டேன். முதலில் குரல் நடுங்கியது. நிற்கிற பழக்கம் போய்விட்ட குரல், ஒவ்வொரு இடத்திலும் அடுத்ததற்குத் தாவப் பார்த்தது. இழுத்துப் பிடித்தேன். மெல்ல மேலே போய், அங்கே கொஞ்சம் இருந்து, இறங்கி, இறங்கி, ரிஷப சுரத்தில் வந்து உட்கார்ந்தேன். நல்லபடியாக உட்கார்ந்தேன். எனக்கே தெரிந்தது. அங்கே நிறுத்தினேன்.

ஒன்றும் வரவில்லை.

பேஸ்மென்டில் இருந்த பழைய ஃபிரிட்ஜின் முனகல் கேட்டது. சுருதிப்பெட்டி கேட்டது. நாற்பது பேர் அசையாமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வியன்னாவில் அந்த அமைதிக்குப் பெயர் மரியாதை, மான்மவுத் ஜங்ஷனில் அதற்குப் பெயர் பசி. நான் இத்தனை வருஷம் ஏங்கிய நிசப்தம் முழுசாக எனக்குக் கிடைத்திருந்தது, அது என்னைப் பயமுறுத்தியது. மறுபடி ஒரு சுற்றுப் போய், மறுபடி அதே இடத்துக்கு இறங்கி, மறுபடி நிறுத்தினேன். அப்போதும் இல்லை. சரி, அவ்வளவுதான், செல்லோக்காரிக்கு இருந்தது எனக்கு இல்லை என்று நினைத்தேன்.

அப்போதுதான் அவரைச் சரியாகப் பார்த்தேன். கையை முழங்கால்களுக்கு நடுவில் பூட்டி வைத்திருந்தார். உதட்டை உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டிருந்தார். கண் நிறைந்து, மூக்கு நுனி சிவந்து, வெடித்துவிடுகிற மாதிரி இருந்தார். நான் ஜீன்ஸுக்கு மேலே போட்ட கிள்ளல் அது. வியன்னாவிலிருந்து சென்னை வழியாக அதைச் சுமந்துகொண்டு வந்து என் எதிரில் உட்கார்ந்திருந்தார். என் வாழ்க்கையில் நான் சொன்ன ஒரே ஒரு விஷயத்தை அவர் அப்படியே கடைப்பிடிப்பது இந்த நாளிலும் தொடர வேண்டுமா?

கச்சேரி நடுவில் பாடகி பேசக் கூடாது. பேசினேன்.

"இது வியன்னா இல்ல. வாயைத் திறந்து சொல்லுங்க."

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. மேலிடம் தன் பக்கத்தில் இருந்தவரிடம், வெயில் படாததால் இப்படி ஆகும் என்கிற தோரணையில் ஏதோ முணுமுணுத்தது. என் கணவர் தொண்டையைச் செருமினார். பூட்டிய கையை எடுத்தார். "பலே," என்றார். குரல் உடைந்து, கொஞ்சம் தாமதமாக, யாரோ கேட்டு வாங்கிய பலேயாக விழுந்தது. எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். சங்கராபரண அங்கிள் தொடையில் தட்டினார், பிளேட் இல்லாததால் இரண்டு கையாலும்.

நான் சிரிக்கவில்லை. கேட்டு வாங்கியது கணக்கில் சேராது. சுருதியைக் கூட்டி வைத்துவிட்டு, மறுபடி மேலே போனேன். அவசரப்படாமல் போனேன். சர்க்கரைப் பொங்கல் ஆறட்டும், கார்கள் மறிக்கட்டும். இறங்கி வந்து, ரிஷபத்தில் உட்கார்ந்து, நிறுத்தினேன்.

இந்தத் தடவை சரியான இடத்தில் விழுந்தது.